மதகுக் கல்லில் ஒற்றைக்கால்

கற்பூர வாசனை. கோயிலில் வருவது அல்ல. எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, தோலில் தேய்த்து, வேர்வையோடு கலந்த வாசனை. கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு ஏதோ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து ஏறிய கூட்டம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், லாரியில் அடுக்கிய மூட்டைகள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து. எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்குத் தூக்கம் வருவதில்லை, களைப்பு மட்டும் வருகிறது. ஒரகடம் மேம்பாலத்தில் பஸ் ஏறும்போது அந்த வாசனை மூக்கைத் தாண்டி நேரே என் கீழ்க்காலுக்குப் போய்விட்டது. எலும்பின் முன்பக்கம், தோலுக்கு அடியில் சதையே இல்லாத அந்த இடம்.

அது என் கால் அல்ல. மாமாவின் கால். என் அக்காவின் புருஷன். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர்.

தொண்ணூற்றொன்று. ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்த வருஷம். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் எழுதுவது ஒரு கீழ்க்காலைப் பற்றி. மேம்பாலம் கிடையாது அப்போது. படப்பையிலிருந்து வரும் ரோடு ஒல்லியாக, இரண்டு பக்கமும் கருவேல முள்ளோடு, எதிரே லாரி வந்தால் சைக்கிளை மண்ணில் இறக்கவேண்டிய ரோடு. கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றும். அதில் ஒன்றில், இரும்பு ஸ்பிரிங் செய்யும் இடத்தில், நானும் மாமாவும் கேஷுவல். கேஷுவல் என்றால் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பது. உள்ளே கூப்பிட்டால் அன்று வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவது, அக்கா கேட்பதற்கு முன்பே பம்ப் செட்டுக்குக் குளிக்கப் போய்விடுவது.

சுற்றுப்பட்டுக் கம்பெனிகள் சேர்ந்து வருஷத்துக்கு ஒருதரம் ரோட் ரேஸ் நடத்தும். எங்கள் கம்பெனிக்கு ஒரு டீம். முந்தைய வருஷம் டீமில் ஓடியவரை பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. பர்சனல் ஆபீசரிடம் மாமா நேரிலேயே கேட்டார். "ஓடு, பாத்துக்கலாம்" என்றார் அவர். அந்தப் "பாத்துக்கலாம்" மேல்தான் மாமா வீடு கட்டினார். ஓட்டை மாற்றிவிட்டு மச்சுப் போடலாம் என்றார். அக்காவுக்குத் தையல் மெஷின் என்றார். எல்லாவற்றையும்விட, கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். வயசு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் புதுப் பையன்களைத்தான் எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இருவரும் விடியலில் ஓட ஆரம்பித்தோம். ஏரி மதகில் ஆரம்பித்து, கரை இறங்கி, தார் ரோட்டில் வெகுதூரம். திரும்பி வருவது. ஒருநாள் ஜீப்பை நிறுத்தி ஒரு போலீஸ்காரர், "இன்னாடா, எவன் தொரத்துறான் உங்கள?" என்று கேட்டார்.

"கம்பெனி சார்" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஓடுகிறவனுக்கு அடிபடாமல் இருக்க ஆயிரம் வழி தெரியும். ஓடாமல் இருப்பது மட்டும் அந்த ஆயிரத்தில் சேராது. நான் அப்போதே கவனித்த விஷயம் இது. இப்போது, என் முழங்கால்களும் படி ஏறும்போது முனகத் தொடங்கிய பிறகு, இன்னும் நன்றாகப் புரிகிறது. மாமா கால் நல்லா இருந்தவரைக்கும் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கட்டிலில் இடித்துக்கொள்வார், திட்டிவிட்டுப் போவார். கீழ்க்காலில் அந்த இடம் லேசாகத் துடிக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்குப் பூஜை தொடங்கியது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்துத் தேய்ப்பு. கணுக்காலில் கறுப்புக் கயிறு. சிலநாள் ரோட்டின் இடது ஓரம், சிலநாள் வலது ஓரம். தார்தான் காரணம் என்று ஒருநாள் மண்ணில் ஓடினோம். மண்தான் காரணம் என்று மறுநாள் தாருக்கு வந்தோம். தண்ணீரைக் குற்றம் சொன்னார். அக்கா வைத்த கத்திரிக்காய்க் குழம்பைக்கூடச் சொன்னார், அது வாயுவாம். காலை அதிகமாக ஓட்டிவிட்டோம் என்பதை மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஓட்டம் முடியும்வரை 'வலி' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து, முன்பு டீமில் ஓடியவர்கள் வைத்திருந்த வழக்கம் அது. சொன்னால் பக்கத்தில் ஓடுகிறவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வலித்தால் நிற்கலாம், ஆனால் நிற்பதற்கு வேறு பெயர் வேண்டும். ஷூ போட்டவன் லேஸ் கட்டுவான். வெறுங்காலில் ஓடுகிறவன் முள் எடுப்பான். கருவேலங்காட்டு ரோட்டில் முள்ளுக்கா பஞ்சம். "முள்ளு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்து, விரலால் எதையோ பிடுங்கி எறிவது. கையில் என்ன இருந்தது என்று அடுத்தவன் பார்க்கமாட்டான். அதுதான் மரியாதை.

மாமா வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தவர், திடீரென்று கேன்வாஸ் ஷூ வாங்கினார். எலும்புக்குப் பஞ்சு மாதிரி இருக்கும் என்றார். ஓடிப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது. முள் எடுப்பதைவிட லேஸ் கட்டுவதற்கு நேரம் அதிகம்.

"இன்னா மாமா, இந்த லேசு ஒரு நாளைக்கு எத்தினிவாட்டிதான் அவுரும்?"

"புது லேசுடா. வழவழன்னு கீது."

"முடிச்சு போடத் தெரியாதா உனக்கு?"

"உங்கக்கா கழுத்துல போட்டனே, அவுந்துச்சா?"

சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து லேஸை இழுத்துக் கட்டினார்.

மதகின் மேல் ஒரு தட்டைக் கல் உண்டு. அதுதான் எங்கள் பரிசோதனைச் சாலை. ஓட்டத்துக்கு முன்னால் அந்தக் கல்லின் மேல் ஒற்றைக்காலில் நொண்டியடித்துப் பார்க்கவேண்டும். சந்தேகப்படுகிற கால் எதுவோ அதில். நொண்டியடிக்க முடிந்தால் அது சோம்பல். சூடு ஏறினால் போய்விடும். முடியாவிட்டால் அது நிஜம், அன்றைக்கு ஓட்டம் இல்லை. நல்ல வழிதான். காலைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட வழி. ஆனால் மாமா அதையும் ஒரு பந்தயமாக மாற்றிவிட்டார். கல்லில் ஜெயிப்பதற்காகக் காலையில் எழுந்ததுமே மாத்திரை போட்டுக்கொள்வார். எண்ணெய் தேய்த்து மரத்துப்போகச் செய்வார். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டொப் டொப்பென்று நொண்டியடிப்பார். "பாத்தியா மச்சான்? ஒண்ணுமில்ல." பரிசோதனையில் ஜெயித்துவிட்ட கால், ரோட்டில் தோற்றுக்கொண்டே இருந்தது. பூசை போடுகிறவனே சாமியை ஏமாற்றினால் சாமி என்ன செய்யும்.

அவரைப் பார்த்துப் பார்த்து என் ஓட்டமும் மாறிவிட்டது. பக்கத்தில் ஒருவர் மறைத்துக்கொண்டு ஓடும்போது நம் காது அவர் காலடியிலேயே இருக்கும். டப், டப். ஒன்று கனமாக, ஒன்று லேசாக. நான் என் காலை மறந்து அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அடிபடாத என் காலில் அதே இடம் துடிக்கும். ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. சொல்லாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அக்காதான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு டாக்டர் கீழ்க்காலை விரலால் அழுத்தினாராம். மாமா மேலே ஃபேனைப் பார்த்தாராம். "எலும்புல விரிசல் விடப்போவுது. மூணு வாரம் ஓடக்கூடாது. இப்ப நிறுத்துனா ஒண்ணுமில்ல. நிறுத்தலைன்னா ஒடியும்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அக்கா வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு டாக்டர் பேச்சுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டருங்க எப்பவும் கூட்டித்தான் சொல்வாங்க மச்சான். மூணு வாரம்னா ஒரு வாரம். நம்ம ஒடம்புக்கு அதுகூட வேணாம்."

"நடக்கலாம்னாரா?"

"நடக்கலாம்னாரு. ஓட்றது இன்னா? கொஞ்சம் வேகமா நடக்கறதுதான?"

அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப தூங்கறது இன்னா? கொஞ்சம் மெதுவா சாவறதா?"

"ந்தா, விளக்கு வெக்கற நேரத்துல அந்த மாரி பேசாத."

"நீ காலை ஒடச்சிக்க, நான் பேச்சக் கொறச்சிக்கறேன்." காம்பைக் கிள்ளி எறிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, நீயாச்சும் சொல்லேண்டா. ஒரு வாரம் பாய்ல படுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் படுத்துவிட்டு எழுந்தாலும் டீமுக்கு ஆள் பொறுக்கும் ட்ரையலுக்கு நாள் இருக்கிறது என்றேன். அக்கா உள்ளே போன பிறகு மாமா சொன்னார். "படுத்தா கால் மறந்துடும் மச்சான். நேத்து வரைக்கும் ஓடினது எல்லாம் தண்ணி மாரி வடிஞ்சிடும். படுத்துக் கெடக்கறப்போதான் எனக்கு பயமா கீது. ஓடறப்போ பயமே இல்ல."

வலியைவிட ஓய்வுக்குப் பயப்படும் மனிதனிடம் ஓய்வெடு என்று சொல்வது, தண்ணீருக்குப் பயப்படுகிறவனைக் கிணற்றில் குதிக்கச் சொல்வது மாதிரி. அடிபட்டவன் வேறு, ஓய்வெடுப்பவன் வேறு என்று நமக்குத் தெரிகிறது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். நிற்கும் நிமிஷம்தான் அடிபடும் நிமிஷம். ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் விடியலில் ஷூவைக் காணவில்லை. அக்கா எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடியிருந்தாள். மாமா தேடவேயில்லை. வெறுங்காலில் வந்து என் கதவைத் தட்டினார். அன்று வழியெல்லாம் முள்.

ட்ரையல் ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனி கேட்டிலிருந்து ரோட்டில் போய், ஏரி வளைவில் திரும்பி, மறுபடி கேட். கேட்டுக்கு உள்ளேயிருந்து ஆரம்பம் என்பதே மாமாவுக்குச் சந்தோஷம். செக்யூரிட்டி அன்றைக்கு யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. அக்கா பானையைத் திறந்து ஷூவைக் கொடுத்திருந்தாள். "தெய்வமே" என்று மட்டும் சொன்னாளாம்.

பர்சனல் ஆபீசர் நல்ல மனிதர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"யாருக்காவது ஒடம்புக்கு முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா. தப்பே இல்ல. ரேஸுக்கு இன்னும் நாள் கீது. அடுத்த மாசம் இன்னொரு ட்ரையல் வெக்கிறேன். காலு, கையி, மூச்சு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

எனக்கு அந்த நிமிஷம் அப்படியே நினைவிருக்கிறது. கேட்டின் இரும்பில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கேன்டீனில் யாரோ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நாளாக நாங்கள் தேடிய வாசல் அது. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், ஒரு மாசம் படுக்கலாம், எலும்பு கூடும், மறுபடி ஓடலாம், பர்மனென்ட் ஆகலாம். கேட்டவருக்கும் கோபமில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவருக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"தூக்கம் சார் இவனுக்கு" என்றார் மாமா. "நைட்டெல்லாம் முழிச்சிக்கினு இருந்தான். எனக்கு ஒண்ணுமில்ல சார். பாக்கறீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒரு காலை மடக்கிக்கொண்டு, விரிசல் விடப்போகிற அந்தக் காலில், கேட்டுக்கு முன்னால் சிமென்ட் தரையில், டொப் டொப்பென்று நொண்டியடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "போதும்பா, போதும், கீழ வுழுந்துடப் போற" என்று ஆபீசரும் சிரித்தார். மாமா முகத்தில் அந்த நிறுத்திவைத்த சிரிப்பு. மதகுக் கல்லில் தினமும் பார்த்த சிரிப்பு. பழகிப்போன வாய், திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை. அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

ஓடினோம். முதல் பாதியில் அவர் எனக்கு முன்னால். நன்றாகவே ஓடினார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம். சுள்ளி முறிகிற மாதிரி என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. காலடிச் சத்தம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். டப் வந்தது, அடுத்த டப் வரவில்லை.

நான் போய் நின்றபோது ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் மாதிரி. உதடு காய்ந்திருந்தது.

"முள்ளு மச்சான்."

"மாமா..."

"எடுத்துட்டு வரேன். நீ நிக்காத. போயிக்கினே இரு."

"ஷூ போட்டுக்கினு முள்ளு எப்பிடி மாமா?"

"போடான்றேன்ல. ரெண்டு பேரும் நின்னா ரெண்டு பேருக்கும் போச்சு. போ."

பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆபீசர் வந்துகொண்டிருந்தார். நான் ஓடினேன். வளைந்து திரும்பி வரும்போது அவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இன்னும் ஷூ. என்னைப் பார்த்து, நிற்காதே என்பதுபோல் ஷூவை ஆட்டினார்.

நான் டீமில் வந்தேன். ரேஸில் ஓடினேன். நிறைய நாள் கழித்து என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். அது ஓட்டத்துக்காகவா, ஐ.டி.ஐ. சர்ட்டிஃபிகேட்டுக்காகவா, யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு மாவுக்கட்டு. கேஷுவலுக்கு மாவுக்கட்டு நாட்களில் கூலி கிடையாது. கட்டு பிரித்த பிறகு கேட்டுக்குப் போய் நின்றார், ஒரு காலில் பாரத்தைக் குறைத்துக்கொண்டு. கூப்பிடவில்லை. பல காலைகள் கூப்பிடவில்லை. வேலூர்ப் பக்கம் அவருடைய அண்ணன் ஒரு ரைஸ் மில்லில் எடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, வரச்சொல் என்று ஆள் அனுப்பினார்.

வருஷக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களை ஏற்றிவிட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருட்டு, அரிசிப் பானை. பானைக்குள் அந்த ஷூ இருந்தது. அக்கா அதைத் தூக்கிப்போடவில்லை. அக்கா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மச்சான், ஓட்றியா இன்னும்?" என்றார் மாமா.

"இல்ல மாமா. வுட்டுட்டேன்."

"ஏன்?"

"சும்மா. அலுத்துப்போச்சு."

"கால் நல்லா கீதில்ல?"

"நல்லா கீது."

"கெண்டக்கால நீவி வுடு. வேலைல நின்னுக்கினே இருக்கற. எண்ண காய்ச்சி, கற்பூரம் போட்டு..." பாதியில் நிறுத்திவிட்டார். தானே அதைக் கேட்டுவிட்ட மாதிரி கொஞ்சம் சிரித்தார். நிறுத்திவைத்த சிரிப்பு இல்லை இது. வந்து போய்விட்டது.

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். மாமா படியில் நல்ல காலை வைத்தார். மற்றக் காலைத் தூக்க நேரம் ஆனது. கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, திரும்பி நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அசைந்தது. நான் கூடவே நடந்தேன். நடப்பது வேகமாகி ஓட்டமாகும் இடத்தில் அவர் குனிந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நிக்கச் சொன்னா நின்னுடு மச்சான். வலிக்குது. அன்னிக்கே வலிச்சுது."